மூடினால் சார்ஜ் ஏறாது

அவருடைய லேப்டாப்பின் கேமரா மேல் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். பெண்கள் நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டுதான். அவர் மனைவியுடையதாக இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இது என்ன சார் என்று கேட்டேன்.

"தூசி போகாம இருக்கறதுக்கும்மா" என்றார்.

நம்பினேன். அவர் சொன்ன எதைத்தான் நான் நம்பாமல் இருந்தேன்? இதை எழுதும்போதே எரிகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

மும்பையில், மாட்டுங்காவில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் ஆபீஸில் லெட்டர் டைப் அடிக்கிறவள். பிள்ளைகளில் பாதிப் பேர் தாராவியிலிருந்து வருகிறவர்கள். என் வீடும் தாராவிதான், திருநெல்வேலிக்காரர்கள் இருக்கிற சந்து. அதனால் டைப் அடிப்பதோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. பெற்றோரிடம் பேசுவது. அவர் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவிலேயே மூன்று தலைமுறை. எங்கள் ஆட்கள் பேசுவது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "அவா பாஷை உனக்குத்தான் வரும். நீ பேசிடு" என்று ரிசீவரை என் கையில் கொடுத்துவிடுவார். ஏழு வருடம் கொடுத்தார்.

ஆளைப் பார்த்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அரைக்கை வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்பு கலையாது. நெற்றியில் மெல்லிசாக ஒரு விபூதிக் கீற்று. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே வருவார். பிளாஸ்க்கில் காபி, டப்பாவில் தயிர் சாதம். பியூன் வந்தால்கூட எழுந்து கதவைத் திறந்து விடுவார். ஒரு பிள்ளையை அடித்ததில்லை, திட்டியதில்லை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போடுகிற வாத்தியார்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் பிள்ளைகளுக்குப் பயம் கிடையாது. இவர் வராந்தாவில் நடந்து வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

ஞாபகம் என்றால் அப்படி ஒரு ஞாபகம். எந்தப் பிள்ளைக்கு என்ன ரத்த குரூப், எவன் அம்மாவுக்குச் சர்க்கரை, எவள் வீட்டில் பால் வாங்குவதில்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்ள மாட்டார். ஒன்றே ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வார்.

"தெரிஞ்சுக்கறது தப்பில்லைம்மா. தெரிஞ்சுண்டும் சும்மா இருக்கோம் பாரு, அதுதான் தப்பு."

ஊரடங்கு முடிந்த கையோடு யாரோ பெரிய மனிதர் தானமாகக் கொடுத்து, எட்டாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் லேப்டாப் வந்தது. வீட்டுக்கே எடுத்துப் போகலாம். எங்கள் பக்கம் வீட்டில் நெட் கிடையாது என்று உள்ளேயே சிம் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஹாலில் பெற்றோர் கூட்டம். இங்கிலீஷில் பதினோரு பக்க ஃபாரம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. ஒருத்தர், "இதுல என்ன எழுதிருக்கு மைனி?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "போட்டாத்தான் மெஷினு. போடுங்க" என்றேன். போட்டார்கள். நானும் என் பையனுக்காகப் போட்டேன்.

கடைசியில் அவர் எழுந்து, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். "ஆத்துல இருக்கறச்சே மூடி வைக்கப்படாது. திறந்தே இருக்கட்டும். அப்போதான் அப்டேட் ஆகும், சார்ஜும் நன்னா ஏறும்." பிறகு என்னைப் பார்த்தார்.

அப்டேட் என்பதை எங்கள் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது? நான் சுருக்கிவிட்டேன். "இங்க பாருங்க, மூடாதீங்க. மூடினா சார்ஜ் ஏறாது."

அது போதும். எங்கள் சந்தில் ஒரு வீடு என்றால் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. ஒரு மூலையில் முழங்கால் உயரத் தடுப்பு கட்டி மோரி என்போம். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். அறையில் இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட் சாமி பலகைக்குப் பக்கத்தில், சீரியல் பல்புக்காகப் போட்டது. விலை உயர்ந்த சாமான், பிள்ளைகள் மிதித்துவிடக்கூடாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் லேப்டாப் சாமி பலகைமேல் ஏறியது. முருகனுக்கும் மாதாவுக்கும் பக்கத்தில், திறந்தபடி, அறையைப் பார்த்தபடி. சில வீட்டில் அதற்கும் சேர்த்துப் பூ வைத்தார்கள். சிரித்தேன். என் வீட்டில் பூ வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் அறையில் சுவரை அடைத்து ஒரு பெரிய டீவி. அதில் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் ஒரு பிள்ளையின் பெயர். மெஷின் ஓடினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. பிள்ளை தன் திரையில் என்ன பார்க்கிறதோ அது அந்தக் கட்டத்தில் தெரியும். தட்டினால் பெரிதாகும். இன்னொரு தடவை தட்டினால் கேமரா. அதன் எதிரில் உட்கார்ந்துதான் மத்தியானம் தயிர் சாதம் சாப்பிடுவார். மற்றவர்கள் டீவி பார்த்துக்கொண்டு சாப்பிடுவதில்லையா, அந்த மாதிரி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். ஒருநாள் பெருமழை என்று பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கிளாஸ். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய கட்டத்தில் ஒரே எழுத்து வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். கேமராவைத் தட்டினார். பையன் தலை கீபோர்டின் மேல் கிடந்தது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, டாக்ஸி பிடித்து, சந்துக்குள் செருப்பு சேறாக ஓடி, பையனைத் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனார். டெங்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் போயிருப்பான் என்றார்கள். பையனின் அம்மா பள்ளிக்கு வந்து அவர் காலில் விழுந்தாள். அவர் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்ந்தார். அப்போதும் அதையேதான் சொன்னார். தெரிஞ்சுண்டும் சும்மா இருக்கப்படாது.

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் அவருக்கு எதிராக யாராவது வாயைத் திறக்க முடியுமா?

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, ஒரு லெட்டரில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்காத்துல அந்தச் சிவப்பு பக்கெட் உடைஞ்சு போச்சாம்மா? நீலம் வாங்கியிருக்கே போலருக்கே" என்றார்.

சொல்லிவிட்டு மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

என் வீட்டில் பக்கெட் இருக்கிற இடம் மோரி.

லெட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பையன் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையனிடம் கேட்டேன். "நான் எதுக்கும்மா பக்கெட்டப் பத்தி அவர்ட்டப் போய்ச் சொல்லுதேன்?" என்றான். அன்றைக்கே மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மூடவில்லை. மூடினால் சார்ஜ் ஏறாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். நான் சொன்னதை நானே நம்பினேன்.

இனி இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்பு. இசக்கியம்மாள் என்று ரெஜிஸ்டரில் இருக்கும். கிளாஸில் ஈஷா. "இசக்கின்னு கூப்பிட்டா இந்திக்காரப் பிள்ளைகளுக்கு நாக்கு சுளுக்கிக்கிடுது அத்த, பாவம்" என்பாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இந்தியும் இங்கிலீஷும் தண்ணீர் மாதிரி. கணக்கு அதைவிட. சாயங்காலம் என் வாசற்படியில் உட்கார்ந்து என் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அவன் தப்பாகப் போட்டால், "நீ பெரிய ஆபீசர் ஆயிருவ, ஒனக்குக் கணக்கே தேவப்படாது" என்பாள். சாரைப் போலவே பேசிக் காட்டுவாள். இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "குழந்தைகளா, மூடப்படாது, திறந்தே இருக்கட்டும்" என்பாள். சந்தே சிரிக்கும்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "அத்த, ஒங்க சாரு கண்ணையே சிமிட்ட மாட்டாரா? நாங்க ரெண்டு பேரு சும்மா ஒரு ரீல் பாக்கோம், ஒடனே ஸ்கிரீன்ல 'புக்கை எடு'ன்னு வருது. இனி கக்கூஸுக்குப் போறதுக்கும் அவர்ட்டக் கேட்டுட்டுத்தான் போணும் போல."

"ஒழுங்காப் படிக்கிற பிள்ளைக்கு என்னட்டி பயம்?" என்றேன்.

"பயம் இல்ல அத்த. கூச்சமா இருக்கு."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கெட் விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த நான், அவளுக்கு இந்தப் புத்திமதியைச் சொன்னேன்.

பொதுப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காலையில் வந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். மெஷினில் பிள்ளைகள் எதை எழுதினாலும் அதைச் சலித்துப் பார்க்கிற ஏற்பாடு ஒன்று இருந்தது. சாவு, ஓடிப்போவது, காதல் என்று ஒரு பட்டியல். இங்கிலீஷிலும் இந்தியிலும். அந்த மாதிரி எதையாவது எழுதினால் அவருடைய டீவியில் அந்தக் கட்டம் சிவப்பாகும். அன்றைக்கு இசக்கியின் கட்டம் சிவப்பாகி இருந்தது. அவர் கையில் ஒரு பிரிண்ட். மேல் பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கடைசி வரியை மட்டும் எனக்குக் காட்டினார். 'நான் வீட்டை விட்டுப் போக வேண்டி வரும்' என்று இங்கிலீஷில் இருந்தது.

"இந்தக் குழந்தையோட அப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடு. ஜாக்கிரதையாப் பார்த்துக்கச் சொல்லு."

"மேல என்ன சார் எழுதியிருக்கு?"

"அது அவளோட ப்ரைவஸிம்மா. நீ படிக்கப்படாது."

சத்தியமாக இதைத்தான் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

ஃபோன் பண்ணினேன். அவள் அப்பா ரெக்ஸின் பை தைக்கிற கார்கானாவில் மேஸ்திரி. மெஷின்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே எடுத்தார்.

"நான் ஸ்கூல்லருந்து பேசுதேன்."

"யாரு, எதுத்த வீட்டு மைனியா? சொல்லுங்க மைனி."

"உங்க பிள்ளயக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. வீட்ட விட்டுப் போகணும்னு என்னமோ எழுதி வச்சிருக்கா."

அந்தப் பக்கம் அவர் கையைக் காட்டியிருக்க வேண்டும். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"எதுல எழுதி வச்சிருக்கா?"

"ஸ்கூல் குடுத்த மெஷின்ல."

"சரி மைனி. நேரத்துல சொன்னீங்க. நல்லது."

நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். வேறு மாதிரி நினைத்தேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பொய்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து சந்துக்குள் திரும்பும்போது எதிர்வீட்டு வாசலில் ஒரு பை இருந்தது. அவள் பெரியப்பா நின்றார். உள்ளே அவள் அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், திரும்பவே இல்லை. இசக்கி வெளியே வந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஸ்கூல் பையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள். அதற்குள் தட்டையாக, சதுரமாக ஒன்று முட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப் என்று எனக்குத் தெரிந்தது. அவள் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை.

என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, நான் யார்ட்டயும் சொல்லலியே. எழுத மட்டுந்தான செஞ்சேன். அனுப்பக்கூட இல்லியே. ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊருக்குப் போயிட்டு நல்லபடியா வா பிள்ள" என்றேன்.

ஒரு வாரம் அவள் கிளாஸுக்கு வரவில்லை. ஹால் டிக்கெட் வந்தது. என் மேசை இழுப்பறையில்தான் எல்லாம் இருக்கும். எல்லோரும் வாங்கிப் போய்விட, அவளுடையது மட்டும் கிடந்தது. அதில் அவள் படம், ரெட்டைச் சடை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனபோது நான் அவர் அறைக்குள் நுழைந்து, அந்தப் பிரிண்ட் இருந்த ஃபைலை எடுத்துப் படித்தேன்.

அது குழந்தைகளுக்கான உதவி நிலையத்துக்கு எழுதிய கடிதம். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. எனக்குப் பதினைந்து வயது. பரீட்சை முடிந்ததும் எனக்குக் கல்யாணம் என்று அப்பா பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முப்பது வயதுக்கு மேல். எனக்குப் படிக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் வாருங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார். நீங்கள் வராவிட்டால் நான் வீட்டை விட்டுப் போக வேண்டி வரும்.

கடைசி வரி மட்டும் சிவப்பில் இருந்தது. மெஷினுக்கு அதுதான் கண்ணில் பட்டது. ஆனால் அவருக்குக் கண் இருந்ததே.

அவர் டப்பாவைத் துடைத்துக்கொண்டே வந்தார். என் கையில் காகிதத்தைப் பார்த்தும் முகம் மாறவில்லை.

"மேல இருக்கறதப் படிச்சீங்களா சார்?"

"படிச்சேனே."

"படிச்சிட்டுமா அவ அப்பாவுக்குப் பேசச் சொன்னீங்க?"

"இப்படி ஏதாவது வந்தா பேரண்ட்டுக்குத் தெரியப்படுத்தணும்னு இருக்கும்மா. ஃபாரத்துல அவரே கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அப்பாவுக்குத் தெரியாம வாங்கன்னுல்லா எழுதியிருக்கா!"

"அது நமக்கு எழுதினது இல்லையே."

"நமக்கு எழுதாதத நீங்க எதுக்குப் படிச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்காக வருத்தப்படுகிற மாதிரி பார்த்தார்.

"நீ பதட்டமா இருக்கே. தண்ணி குடி. யோசிச்சுப் பாரு, அவரோட பேசினது நீதானேம்மா. நான் பேசலையே."

ஏழு வருடமாக அவர் ஏன் ரிசீவரை என் கையில் கொடுத்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அவள் எழுதியும் அனுப்பாத அந்த உதவி நிலையத்துக்கு நானே ஃபோனில் பேசினேன். பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். அவர்கள் நல்லவர்கள், ஊர் எது என்று கேட்டு, ஆள் அனுப்பினார்கள். சொந்த ஊரில் அவள் இல்லை. வேறு எங்கோ உறவுக்காரர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். எங்கே என்று அவள் அம்மாவுக்கே சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "தெரிஞ்சா நான் இங்கயா உக்காந்திருப்பேன்?" என்றாள். அவள் அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார். "நீங்கதான மைனி பாத்துக்கிடச் சொன்னீங்க? பாத்துக்கிட்டேன்." அடுத்த நாளே அவள் அப்பா பள்ளிக்கு வந்து லீவிங் சர்டிபிகேட் கேட்டு எழுதிக் கொடுத்தார். ரெஜிஸ்டரிலிருந்து அவள் பெயர் அடிக்கப்பட்டது. உதவி நிலையத்துப் பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஊர்ப் பேரு மட்டும் கிடைச்சாப் போதும். கிடைக்குமா?"

கிடைத்திருக்கும். அதுதான் என்னைத் தின்கிறது.

பெயர் அடித்த இரண்டாம் நாள். காலை பதினொன்று இருக்கும். ஏதோ ஃபைல் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். டீவியில் கண் தானாக இசக்கியின் கட்டத்துக்குப் போனது. பச்சைப் புள்ளி.

எங்கோ ஒரு வீட்டில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவள் மெஷினைத் திறந்திருக்கிறாள். கட்டத்தில் வெள்ளைத் தாள். அதில் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து ஓடியது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டினார், பெரிதானது. பக்கத்தில் சின்னதாக ஒரு வரைபடம், அதில் ஒரு சிவப்பு ஊசி. எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று காட்டும், அது எனக்குத் தெரியும். என் கண்ணுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து பெயர் தெரியவில்லை. கிட்டே போனேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார், அவர் தலை மறைத்தது.

"சார், ஊர்ப் பேரு மட்டும் சொல்லுங்க."

"சொல்லப்படாதும்மா. அந்தக் குழந்தை இப்போ நம்ம ஸ்டூடண்ட் இல்லை. நான் பார்க்கறதே தப்பு."

"சார், அவளுக்குக் கல்யாணம் பண்ணிருவாங்க. பதினஞ்சு வயசு. ஒரே ஒரு பேரு சார். நீங்க சொல்ல வேண்டாம், தள்ளி உக்காருங்க, நானே வாசிச்சுக்கிடுதேன்."

"ரூல்னு ஒண்ணு இருக்கு. பேர் அடிச்ச அன்னிக்கே மெஷினை லாக் பண்ணியிருக்கணும். ரெண்டு நாள் லேட். என் தப்புதான்."

"தெரிஞ்சுக்கிட்டும் சும்மா இருக்கது தப்புன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க?"

"சும்மா இல்லையேம்மா. இதோ பண்றேனே."

மவுஸ் மேல் இருந்த அவர் கையைப் பிடித்தேன். அதற்கு முன்னால் அவரை நான் தொட்டதே கிடையாது. கை குளிர்ந்து இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக, முள் எடுக்கிற மாதிரிப் பொறுமையாக விலக்கிவிட்டு, ஒரு தட்டு தட்டினார். எழுத்து ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. இன்னொரு தட்டு. கட்டம் காணாமல் போனது. அந்த இடம் காலியாகக்கூட இருக்கவில்லை. பக்கத்துக் கட்டம் நகர்ந்து வந்து உட்கார்ந்தது, அதற்குப் பின்னால் இருந்தது அதன் இடத்துக்கு வந்தது. வரிசை முழுக்க ஒரு தடவை நகர்ந்து அடங்கியது.

உதவி நிலையத்திலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. அந்த மெஷின் கடைசியாக எங்கே இருந்தது என்று கேட்டார்கள். மாணவியின் தனியுரிமையை முன்னிட்டு, விலகியவர்களின் பதிவு எதையும் பள்ளி வைத்திருப்பதில்லை என்று பதில் போனது. அவர் சொல்லச் சொல்ல அதை டைப் அடித்தவளும் நான்தான். அடித்து, எடுத்து, கையெழுத்துக்கு நீட்டினேன். என்னை யார் வேண்டுமானாலும் காறித் துப்பலாம்.

அன்று சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில் கறுப்புப் பொட்டு அட்டை நாலு வாங்கினேன். எங்கள் சந்தில் மெஷின் இருந்த எல்லா வீட்டுக்கும் போனேன். சாமி பலகையில் கை வைத்து, கேமரா மேல் ஒவ்வொன்றாக ஒட்டினேன். "என்ன மைனி, மெஷினுக்குச் சுமங்கலி பூஜையா?" என்று ஒருத்தி சிரித்தாள். பக்கெட் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவள் திரும்பித் தன் வீட்டு மோரியைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்து, பொட்டும் ஒட்டி, மெஷினை மூடியும் வைத்தேன். சார்ஜ் ஏறாவிட்டால் போகிறது என்று இருந்தேன். பையன் பார்த்துவிட்டு, "மூடினாலும் ஏறும்மா" என்றான். எனக்குப் புரியவில்லை. "அதுக்கும் மூடுறதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தா பாரு." ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "முன்னாலயே சொல்லுறதுக்கு என்னல?" என்று கத்தினேன். "நீதான எல்லார்ட்டயும் அப்பிடிச் சொன்ன" என்றான்.

மறுநாள் அவர் கூப்பிட்டார். "உங்க லைன்ல பதினாலு மெஷின்ல கேமரா கருப்பாத் தெரியறது. யாராவது ஏதாவது சொன்னாளா?"

"நான்தான் சொன்னேன்."

"அப்படியா. சரி" என்றார். அவ்வளவுதான். முப்பதாம் தேதியோடு எனக்கு வேலை இல்லை. பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தத் தூண்டியதாக எழுதியிருந்தார்கள். அந்த லெட்டரை யார் டைப் அடித்தார்கள் என்று தெரியவில்லை, ஏகப்பட்ட பிழை.

இப்போது சுனாபட்டியில் ஒரு பார்மசியில் கணினியில் பில் போடுகிறேன். அவர் செம்பூரில் இருக்கிறாராம். நாலு பள்ளிக்கு ஒரே அறை, ஒரே சுவர், அவர்தான் தலைவர். பெற்றோர்களுக்கு அவர் மேல் ரொம்ப மரியாதை என்று கேள்வி.

இசக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. அவள் அம்மா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாள். ஹால் டிக்கெட்டை நான் கிளம்பும்போது எடுத்து வந்துவிட்டேன். அது திருட்டுத்தான்.

போன மாதம் கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். அதே வெள்ளைச் சட்டை, அதே பிளாஸ்க். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார்.

"சௌக்யமாம்மா? பையன் காலேஜ் சேர்ந்தாச்சா? அவனுக்குத் தூசி ஒத்துக்காதே, இப்போ எப்படி இருக்கு? அந்த நீல பக்கெட்டும் உடைஞ்சிருக்குமே இந்நேரம்!" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது. "சார், இசக்கியைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

அவர் யோசித்தார். நடிக்கவில்லை. கண்ணை மேலே ஏற்றி, உதட்டைக் கடித்து, உண்மையிலேயே தேடினார்.

"இசக்கி..." என்றார். "எந்த பேட்ச்மா?"